பின்னால் வருபவரின் கண்

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல், மே மாதங்களில் எங்கள் புறநோயாளர் பிரிவில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. மருந்துச் சீட்டை எழுதி முடித்து, அடுத்து வரவேண்டிய நாளைக் குறிக்கும் வேளையில் நோயாளி சற்றுத் தயங்கிக் கேட்பார்: "டாக்டர், நண்பர்களோடு மோட்டார் சைக்கிளில் இமயமலைப் பக்கம் போகலாம் என்றிருக்கிறோம். நான் போகலாமா?" அருகில் அமர்ந்திருக்கும் மனைவி நிமிர்ந்து எங்களைப் பார்ப்பார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்ற வேண்டுகோள் அந்தப் பார்வையில் இருக்கும்.

கேட்பவர்களில் பலர் நாற்பதைக் கடந்தவர்கள். சிலருக்குச் சர்க்கரை நோய், சிலருக்கு இரத்தக் கொதிப்பு, ஓரிருவருக்கு இதயத்தில் ஸ்டென்ட். முன்பெல்லாம் இ.சி.ஜி.யையும் இரத்தப் பரிசோதனை முடிவுகளையும் பார்த்துவிட்டுப் பதில் சொல்லிவந்தோம். இப்போது அதற்கு முன் இரண்டு கேள்விகளை நாங்கள் கேட்கிறோம். உங்களோடு வருபவர் யார்? அவர் 'போதும், நிறுத்து' என்றால் நிறுத்துவீர்களா?

இக்கேள்விகளை நாங்கள் பாடநூலில் கற்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் இதே துறையைச் சேர்ந்த நாங்கள் மூவர் இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கை நோக்கி மோட்டார் சைக்கிளில் சென்றோம். அப்பயணத்தில் எங்களுள் மூத்தவரின் உயிருக்கே ஆபத்து நேர்ந்தது. நோயாளிகளிடம் எவற்றைச் செய்யாதீர்கள் என்று நாள்தோறும் சொல்லிவருகிறோமோ, அவற்றையே நாங்களும் செய்தோம். அவருடைய இசைவோடு அதை இங்கே எழுதுகிறோம்.

புறப்படும் முன்

பயணத்துக்குப் பத்து நாள் முன்பு மூத்தவருக்குக் காய்ச்சலும் இருமலும் வந்தன. காய்ச்சல் நின்றது, இருமல் நிற்கவில்லை. அவருடைய மனைவி எங்களுள் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து, "ராத்திரியெல்லாம் இருமுகிறார். ஒரு வாரம் தள்ளிப் போகக்கூடாதா?" என்று கேட்டார். மூவருக்கும் ஒரே சமயத்தில் விடுப்புக் கிடைப்பது எவ்வளவு அரிது என்பதை விளக்கினோம். "நாங்கள் இரண்டு மருத்துவர்கள் கூடவே இருக்கிறோமே, கவலைப்படாதீர்கள் அக்கா" என்று சிரித்தபடி முடித்துவிட்டோம். அண்மையில் வந்த மூச்சுப்பாதைத் தொற்று, உயரமான இடங்களில் நுரையீரலுக்குத் தொல்லை தரக்கூடும் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். தெரிந்த ஒன்றை, அதைச் சொன்னவர் மருத்துவர் அல்லர் என்பதால் நாங்கள் காதில் வாங்கவில்லை.

ஸ்பிதிக்குச் செல்ல இரண்டு வழிகள் உண்டு. ஒன்று சிம்லாவிலிருந்து சட்லஜ் ஆற்றை ஒட்டி, கல்பா, தாபோ வழியாகக் காஜா சேர்வது. இது 400 கிலோமீட்டருக்கும் மேல் நீளும். ஆனால் படிப்படியாக உயரும். மற்றொன்று மணாலியிலிருந்து சந்திரா ஆற்றின் கரையோடு சென்று, ஏறத்தாழ 4,550 மீட்டர் உயரமுள்ள குன்சும் கணவாயைத் தாண்டிக் காஜாவை அடைவது. இது ஏறத்தாழ 200 கிலோமீட்டர். கணவாய் பொதுவாக ஜூன் முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும். விடுப்பு நாட்களை எண்ணிப் பார்த்து, நாங்கள் குறுகிய வழியைத் தேர்ந்தோம்.

சரளைக்கல்லும் காற்றும்

மணாலியில் ஓர் இரவு தங்கி, வாடகைக்கு எடுத்த வண்டிகளில் காலையில் புறப்பட்டோம். அவை ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் வண்டிகள். சென்னையையடுத்த தொழிற்சாலைகளில் உருவாகும் வண்டியை இமயமலையில் ஓட்டுகிறோம் என்பதில் எங்களுக்குச் சிறு பெருமிதம். 2020-இல் திறக்கப்பட்ட, 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கத்தைக் கடந்தவுடன் பச்சை மலைகள் மறைந்து, வறண்ட பழுப்பு மலைகள் தொடங்கின. கோக்சரைத் தாண்டி, கிராம்ஃபூவைக் கடந்ததும் தார்ச் சாலை முடிந்துவிட்டது. அதன் பிறகு சரளைக்கல், உருண்டைப் பாறை, மணல், சாலையின் குறுக்கே ஓடும் பனியுருகு ஓடைகள். வழியில் பெட்ரோல் நிலையம் இல்லை. கைப்பேசிக்கு அலைவரிசையும் இல்லை.

சரளைக்கல்லில் வண்டி ஓட்டுவது தார்ச் சாலையில் ஓட்டுவதிலிருந்து முற்றிலும் வேறானது. முன்சக்கரம் ஓரிடத்தில் நில்லாது, கற்களின் மேல் இடமும் வலமும் அலையும். புதியவர் அச்சத்தில் ஹேண்டில்பாரை இறுகப் பிடிப்பார். அப்போது அலைச்சல் மேலும் கூடும். கைகளைத் தளர விட்டு, முழங்கால்களால் பெட்ரோல் தொட்டியைப் பற்றிக்கொண்டு, பார்வையை முன்சக்கரத்தில் வைக்காமல் தொலைவில் வைத்தால் வண்டி தன் வழியைத் தானே கண்டுகொள்ளும். வளைவுக்குள் நுழையுமுன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வளைவின் நடுவில் முன் பிரேக்கை அழுத்தினால் விழுவது உறுதி. மேடு பள்ளங்களில் கால்தாங்கிகளின்மேல் எழுந்து நின்று ஓட்டினால் அதிர்ச்சியை முதுகெலும்புக்குப் பதிலாக முழங்கால்கள் தாங்கிக்கொள்ளும்.

நண்பகலுக்குப் பின் காற்று எழுந்தது. வெயிலில் மலைச்சரிவுகள் சூடேறும்போது பள்ளத்தாக்கு வழியே காற்று மேல்நோக்கிப் பாய்வது அங்கே அன்றாட நிகழ்வு. பக்கவாட்டில் காற்று அடிக்கும்போது, நேரான சாலையிலும் வண்டியைக் காற்றின் பக்கம் சாய்த்தே ஓட்டவேண்டியிருக்கும். ஒரு பெரும்பாறையின் மறைவுக்குள் நுழையும் நொடியில் காற்று நின்றுவிடும். சாய்ந்திருந்த வண்டி அந்தப் பக்கமே இழுக்கும். பாறையைக் கடந்ததும் மீண்டும் ஓர் அறை. காற்றின் வேகம் இரு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். இரு பக்கமும் தொங்கும் பைகள் அந்த விசைக்குப் பாய்மரமாகிவிடுகின்றன. மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்ட முடியாமல் இப்படி ஐந்து மணி நேரம் ஓட்டினால், உடல் களைக்கும் முன்பே கவனம் களைத்துவிடும்.

அந்தக் களைப்பை ஓட்டுபவர் உணர்வதில்லை. பின்னால் வருபவருக்குத்தான் அது தெரியும். எங்களுள் இளையவர் கடைசியாக வந்துகொண்டிருந்தார். சத்ரூ வரையில் ஓடைகளை எழுந்து நின்று கடந்த மூத்தவர், பாத்தலுக்குப் பிறகு உட்கார்ந்தபடியே கடந்ததை அவர் கண்டார். தோள்கள் காதுவரை உயர்ந்திருந்தன. சந்திரதால் ஏரிக்குப் பிரியும் ஒற்றைத் தடத்தில் மூத்தவர் இரு முறை விழுந்தார். இரண்டாம் முறை எழுந்தபின், வண்டியிலேயே மாட்டியிருந்த சாவியைச் சட்டைப் பைகளில் தேடினார். இளையவர் அதையும் கண்டார். ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. துறையின் மூத்த மருத்துவரிடம் 'நீங்கள் சரியாக இல்லை' என்று எப்படிச் சொல்வது என்ற தயக்கம் அவர் வாயை மூடிவிட்டது.

இரண்டாம் இரவு

அன்று ஏரிக்கருகில், ஏறத்தாழ 4,200 மீட்டர் உயரத்திலிருந்த கூடார முகாமில் தங்கினோம். மணாலியின் உயரம் ஏறத்தாழ 2,050 மீட்டர். அதாவது ஒரே பகலில் 2,000 மீட்டருக்கும் மேல் ஏறி உறங்கச் சென்றோம். மூவருக்கும் தலை வலித்தது. மறுநாள் முகாமிலேயே ஓய்வெடுத்தோம். மூத்தவர் காலை உணவை ஒதுக்கினார். இரவு உணவையும் ஒதுக்கினார். கேட்டபோதெல்லாம், "ஒன்றுமில்லை, தூங்கினால் சரியாகிவிடும்" என்றார். அன்று பகலில் மூன்று முறை வலிநிவாரணி மாத்திரை விழுங்கியிருந்ததை எங்களிடம் அவர் சொல்லவில்லை.

இரவு ஒரு மணியளவில் கூடாரத்தின் ஜிப்பைத் திறக்க முடியாமல் அவர் தடவிக்கொண்டிருந்த ஓசை கேட்டு இளையவர் விழித்தார். இம்முறை அவர் தயங்கவில்லை. "சார், இந்த டார்ச் வெளிச்சத்தில் ஒரு கால் குதிகாலை மறு கால் விரலோடு ஒட்டி வைத்து நேராக நடந்து காட்டுங்கள்" என்றார். மூத்தவர் சினந்தார். "எனக்கே சோதனையா?" என்றார். ஆனால் நான்காம் அடியில் பக்கவாட்டில் சரிந்தார்.

உயர மலைகளில் நடை தடுமாறுவது, மூளை வீங்கத் தொடங்கியிருப்பதன் அடையாளமாக இருக்கலாம். அந்நிலையில் காத்திருப்பதற்கு நேரமில்லை. உடனே கீழே இறங்கவேண்டும். அப்போதுதான் நாங்கள் தேர்ந்த வழியின் கண்ணி முழுமையாகப் புலப்பட்டது. காஜாவின் மருத்துவமனைக்குச் செல்ல, முதலில் குன்சும் கணவாய்க்கு மேலும் ஏறவேண்டும். இறங்குவதற்கு ஒரே வழி, வந்த வழியே திரும்புவது. மோட்டார் சைக்கிளில் அவரால் உட்காரவே முடியாது.

எங்களைக் காத்தவர் முகாமின் ஜீப் ஓட்டுநர். அவர் சொன்னது ஒன்றுதான்: பகலில் வெயிலால் பனி உருகி ஓடைகள் பெருகும், விடியலுக்கு முன் நீர் மிகவும் குறைந்திருக்கும், இப்போதே கிளம்பினால் கடந்துவிடலாம். முகாமிலிருந்த ஆக்சிஜன் உருளையைப் பொருத்தி, எங்கள் பையிலிருந்த ஊசி மருந்தைச் செலுத்தி, அவரைப் பின்னிருக்கையில் சாய்த்துக்கொண்டு புறப்பட்டோம். பகலில் எங்களைப் புரட்டியெடுத்த அதே சரளைப் பாதை. ஒருபக்கம் ஆறு, மேலே விண்மீன்கள். சத்ரூவை அடைந்தபோது ஏறத்தாழ 900 மீட்டர் இறங்கியிருந்தோம். மூத்தவர் தண்ணீர் கேட்டார். கோக்சரில் விடிந்தது. மணாலியில் இரு நாள் சிகிச்சைக்குப் பின் அவர் நேராக நடந்தார்.

ஊர் திரும்பிய பிறகு அவருடைய மனைவி எங்களிடம் கோபித்துக்கொள்ளவில்லை. "அன்றைக்கு நான் கேட்டதை ஒரு நோயாளியின் வீட்டுக்காரி கேட்டிருந்தால் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?" என்று மட்டும் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

உடலில் நிகழ்வது என்ன?

4,000 மீட்டர் உயரத்தில் நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும், கடற்கரையில் கிடைப்பதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு ஆக்சிஜனே கிடைக்கிறது. உடலால் இதற்குப் பழகிக்கொள்ள முடியும். ஆனால் அதற்கு நாட்கள் வேண்டும். அந்த அவகாசத்தைக் கொடுக்காமல் ஏறும்போது தலைவலி, குமட்டல், பசியின்மை, தலைசுற்றல், தூக்கமின்மை ஆகியன தோன்றும். இதுவே மலைநோய். ஏறிய அன்று மாலையோ இரவோ தொடங்கும். அதே உயரத்தில் ஓய்வெடுத்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் தணியும். தணியாமல் கூடினால் இறங்கவேண்டும்.

இரண்டு நிலைகள் உயிருக்கு ஆபத்தானவை. ஒன்று மூளை வீக்கம்: நடை தடுமாறும், பேச்சும் செயலும் குழம்பும். மற்றொன்று நுரையீரலில் நீர் கோத்தல்: ஓய்வாக இருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமல் விடாது, உதடு நீலம் பூக்கும். நல்ல உடற்கட்டுள்ள இளைஞர்களுக்கும் இவை வரும். நாள்தோறும் ஓடுபவர், உடற்பயிற்சிக்கூடம் செல்பவர் என்பதெல்லாம் இதற்குக் காப்பு ஆகாது.

மோட்டார் சைக்கிள் பயணத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. தலைவலியைத் தலைக்கவசத்தின் மீதும், களைப்பைச் சாலையின் மீதும், நடுக்கத்தைக் குளிர்காற்றின் மீதும் சுமத்திவிட முடியும். காரணங்கள் கையருகே கிடப்பதால் நோய் மறைந்துகொள்கிறது. ஆகவே உயரத்தில் வரும் எந்தத் தலைவலியையும், வேறு காரணம் உறுதியாகும் வரை, மலைநோய் என்றே கொள்ளவேண்டும்.

யார் போகலாம்? யார் பொறுக்கவேண்டும்?

சர்க்கரை நோயோ இரத்தக் கொதிப்போ நன்கு கட்டுக்குள் இருப்பவர்கள், முன்கூட்டியே திட்டமிட்டால் பெரும்பாலும் செல்லலாம். இன்சுலின் உறைந்துவிட்டால் பயன்படாது. அதை வண்டிப் பையில் வைக்காமல், உடலை ஒட்டிய உள்பையில் வைக்கவேண்டும். சர்க்கரை தாழ்வதும் மலைநோயும் ஒன்றுபோலத் தோன்றும். குழப்பமோ நடுக்கமோ வந்தால் முதலில் இனிப்பு உண்டு, பிறகு சர்க்கரையைச் சோதியுங்கள். கருவியும் கடுங்குளிரில் தவறாகக் காட்டக்கூடும்.

மாரடைப்பு வந்தவர்களும் ஸ்டென்ட் பொருத்தியவர்களும் இதய மருத்துவரின் நேரடி மதிப்பீடு இன்றிப் புறப்படக்கூடாது. இரத்தம் உறையாமைக்கு மருந்து உண்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ளவேண்டும்: சரளைக்கல்லில் விழாமல் எவரும் கற்பதில்லை. தலையில் படும் சிறு அடியும் அவர்களுக்கு உள்ளே இரத்தக்கசிவை உண்டாக்கலாம். உதவியோ பல மணி நேரத் தொலைவில் இருக்கும். அவர்களுக்கு இத்தகைய பாதையை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. நுரையீரல் இரத்தக்குழாய் அழுத்தம் உயர்ந்தவர்கள், கடுமையான நாட்பட்ட நுரையீரல் நோயுள்ளவர்கள், கட்டுப்படாத வலிப்பு நோயுள்ளவர்கள் ஆகியோர் செல்லக்கூடாது.

மலைநோயைத் தடுக்க மாத்திரை உண்டு. ஆனால் சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்களும் சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்களும் அதைத் தாமாக வாங்கி உண்ணக்கூடாது. எந்த மாத்திரையும் படிப்படியாக ஏறுவதற்கு ஈடாகாது. 3,000 மீட்டருக்கு மேல், உறங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் தங்குங்கள். முதல் நாட்களில் மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டாம்.

குடும்பத்தினருக்கு

நீங்கள் அவரோடு நாள்தோறும் வாழ்கிறீர்கள். அவருடைய நடை, பேச்சு, பசி ஆகியவற்றில் வரும் மாற்றம் எங்களைவிட உங்களுக்கே முதலில் தெரியும். 'சாதாரண இருமல்தானே' என்று அவர் சொன்னாலும், பயணத்துக்கு முன் உங்கள் கண்ணில் படுவதை எங்களிடம் சொல்லுங்கள். அதை மிகைப்பட்ட கவலை என்று இனி நாங்கள் ஒதுக்கமாட்டோம்.

அவரோடு செல்பவர்களில் ஒருவரிடம் நீங்களே பேசுங்கள். அவருடைய நோய்களையும் மருந்துகளையும் ஒவ்வாமையையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஒவ்வொரு மாலையும் மூன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள்: உண்டாரா? நேராக நடக்கிறாரா? கேட்டதற்குப் பொருந்தப் பதில் சொல்கிறாரா? ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் மறுநாள் ஏறக்கூடாது. நடை தடுமாறினால் அன்றிரவே இறங்கவேண்டும். இறங்கும் வழி எது, வாகனம் எங்கே கிடைக்கும் என்பவற்றைத் தங்கும் இடத்தை முடிவுசெய்யும் முன்பே கேட்டறியவேண்டும்.

மீண்டும் ஒரு முறை

இரண்டு ஆண்டுகள் கழித்து நாங்கள் மூவரும் மீண்டும் சென்றோம். இம்முறை சிம்லா வழி. நார்கண்டாவில் ஓர் இரவு, கல்பாவில் இரண்டு, தாபோவில் இரண்டு, பிறகு காஜா. புறப்படும் நாளை நிச்சயித்தவர் மூத்தவரின் மனைவி. கடைசியாக வருபவர் ஒலிப்பானை இரு முறை அழுத்தினால், காரணம் கேட்காமல் மூவரும் நிறுத்தவேண்டும் என்று விதி வகுத்துக்கொண்டோம்.

காஜாவில் மூன்று இரவுகள் தங்கியபின் குன்சும் கணவாயைத் தாண்டி, பழைய சரளைப் பாதையில் இறங்கினோம். பிற்பகல் காற்று வழக்கம்போல் எழுந்தது. பாத்தலுக்குச் சற்று முன் பின்னாலிருந்து ஒலிப்பான் இரு முறை கேட்டது. அன்று கடைசியாக வந்தவர் மூத்தவர். "தம்பி, உன் தோள் இரண்டும் காதுக்கு ஏறிவிட்டன. இறங்கித் தேநீர் குடி" என்று இளையவரிடம் சொன்னார். இளையவர் தமக்கு ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்து, பிறகு வண்டியை நிறுத்தி இறங்கினார்.

ஆகவே இப்பயணத்தைப் பற்றிக் கேட்க எங்கள் பிரிவுக்கு வரும்போது உங்கள் பரிசோதனை முடிவுகளைக் கொண்டுவாருங்கள். உங்களுக்குப் பின்னால் வண்டி ஓட்டிவரப் போகிறவரையும் அழைத்துவாருங்கள். உங்கள் மனைவியோ கணவரோ மகளோ சொல்ல நினைப்பதையும் அன்று சேர்த்தே கேட்போம்.